மூடியில் வைத்த பொட்டு

எங்கள் தோட்டத்தில் முதன்முதலாகச் சொந்த ஜெனரேட்டர் வாங்கியவன் நான். இதை நானே சொல்லிக்கொள்வதில் தவறில்லை. வேறு யாரும் சொல்வதாகத் தெரியவில்லை.

மலேசியாவில் பெடாஸ் பக்கம், செம்பனைக்கு நடுவே இருக்கிறது எங்கள் தோட்டம். பழைய லயங்களை இடித்துவிட்டு இரண்டு வரிசையாக வீடு கட்டிக் கொடுத்தார்கள். தண்ணீர் வந்தது, தார் ரோடு வந்தது, இண்டர்நெட் கூட வந்துவிட்டது. மின்சாரம் மட்டும் தன் இஷ்டத்துக்கு வந்து தன் இஷ்டத்துக்குப் போகும். காற்றடித்தால் ஏதாவது ஒரு மரம் கம்பியில் சாயும். காற்றடிக்காத நாளில் குரங்கு ஏறும்.

நான் தோட்ட ஆபிசில் கணக்கெழுதும் கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவன். பேரேடும் பேனாவும் பிடித்த வீடு மற்ற வீடுகளைப் போலவே இருட்டில் கிடப்பது எனக்குக் கௌரவக் குறைவாகப் பட்டது. சிரம்பான் டவுனுக்குப் போய் ஒரு ஜெனரேட்டர் வாங்கி வந்து, காரை வெயிலில் தள்ளிவிட்டு, அதை வாசல் போர்ச்சில் நிறுத்தினேன். ரோட்டில் போகிறவர்கள் கண்ணில் படவேண்டும் என்பதைத் தவிர அதற்கு வேறு காரணம் இல்லை.

புது வண்டி வாங்கினால் பூசை போடுவது எங்கள் வழக்கம். இதற்கும் இரண்டு சக்கரம் இருக்கிறதே என்று மனைவி கோயில் பண்டாரத்தை அழைத்து வந்தாள். சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று. கைப்பிடிக்கு மாலை போட்டாயிற்று. பொட்டு வைக்கும்போதுதான் சிக்கல் வந்தது. ஜெனரேட்டருக்கு நெற்றி எது? பண்டாரம் யோசித்தார். நான் யோசிக்கவே இல்லை. உச்சியில் வட்டமாக இருந்த, பெட்ரோல் ஊற்றுகிற எண்ணெய் டாங்கியின் மூடியைக் காட்டி, அதுதான் நெற்றி என்று தீர்ப்புச் சொன்னேன். எனக்கு இதில் முன் அனுபவமும் உண்டு. சந்தனத்தைக் குழைத்து மூடி நிறைய அப்பி, நடுவில் குங்குமம் வைத்தோம். அதன்பிறகு ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் மனைவி சாமிப் படங்களுக்கு வைத்துவிட்டு, மிச்சத்தைப் பழைய பொட்டின் மேலேயே இதற்கும் வைத்து வந்தாள்.

அதற்குப் பிறகு மின்சாரம் போனால் எனக்குத் திருவிழாதான். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, இரண்டு பேர் பார்க்கும்வரை காத்திருந்து, கயிற்றை இழுப்பேன். சத்தம் கேட்டதும் வரிசை முழுவதும் கையில் போனோடு வந்துவிடும். "அண்ணே, கொஞ்சம் சார்ஜ் போட்டுக்கிறேன் லா" என்று ஒருவர், "என் மீனை உங்க ஐஸ் பெட்டியில வைக்கவா?" என்று ஒருவர். நான் பெருந்தன்மையாகத் தலையாட்டுவேன். பத்து நிமிடத்தில் மின்சாரம் திரும்பி வந்துவிடும். எனக்கு அதில் உள்ளூர வருத்தம்.

ஒரே ஒரு வீட்டிலிருந்து மட்டும் யாரும் வருவதில்லை. அது வேலிக்கு அந்தப் பக்கம் இருந்த என் மச்சான் வீடு. மச்சான் என்றால் என் மனைவியின் கூடப்பிறந்த அண்ணன். ஆலையில் முப்பது வருடம் எஞ்சின் பார்த்தவர். இரண்டு வருடமாக அவர் என்னோடு பேசவில்லை.

காரணம் கோயில் திருவிழா. அந்த வருடம் தேர் விளக்குகளுக்கு ஜெனரேட்டர் வாடகைக்கு எடுத்து, பின்னாலேயே தள்ளிக்கொண்டு போகும் பொறுப்பு மச்சானுடையது. நான் கோயில் கமிட்டி செயலாளர். செயலாளர் என்ற முறையில் அந்த ஜெனரேட்டருக்குச் சந்தனம் குங்குமம் வைத்துத் தொடக்கி வைத்ததும் நான்தான். தேர் பாதி வழி போனதும் எஞ்சின் இருமி நின்றது. திரும்ப ஓடியது, திரும்ப நின்றது. கடைசியில் அம்மன் கைப்பேசி வெளிச்சத்தில் கோயில் போய்ச் சேர்ந்தாள். அடுத்த கூட்டத்தில் நான் எழுந்து, "முப்பது வருசம் எஞ்சின் ஓட்டுனவருக்கு எண்ணெய் ஊத்தணும்னு தெரியல" என்றேன். சபை சிரித்தது. எனக்கு அந்தச் சிரிப்பு ரொம்பப் பிடித்திருந்தது. மச்சான் என்னை ஒரு பார்வை பார்த்தார், வாயைத் திறந்தார், மூடிக்கொண்டார், எழுந்து போய்விட்டார். நான் கூட்டக் குறிப்பில் 'பொறுப்பாளரின் கவனக்குறைவு' என்று எழுதி வைத்தேன்.

போன வருடம் அவருக்கு நுரையீரல் கெட்டுப்போனது. ஆஸ்பத்திரியிலிருந்து ஓர் ஆக்சிஜன் மெஷினோடு வீட்டுக்கு வந்தார். கரண்டில் ஓடுகிற மெஷின், மூக்கில் குழாய். கரண்டு போனால் சமாளிக்கச் சின்னதாக ஒரு சிலிண்டரும் கொடுத்திருந்தார்கள். அன்றைக்கே நான் யாருக்கும் சொல்லாமல் ஜெனரேட்டரைக் கொல்லைப்பக்கம் கொண்டுபோய், புகை எங்கள் பலாமரத்தின் பக்கம் போகும்படி திருப்பி வைத்தேன். ஆனால் ஒயர் மட்டும் கொடுக்கவில்லை. கேட்டால் கொடுக்கலாம், கேட்கட்டும் என்று இருந்தேன். இதையும் கௌரவம் என்றுதான் அப்போது நினைத்தேன்.

ஒரு சனிக்கிழமை காலை பெரும் காற்று. எங்கள் தோட்டத்துக்கு இருக்கிற ஒரே ரோட்டில் மரம் விழுந்தது. விழும்போது கம்பிகளையும் இழுத்துக்கொண்டு விழுந்தது. ஆம்புலன்ஸ் வரவும் வழியில்லை, நடந்து தாண்டவும் வழியில்லை. நான் கயிற்றை இழுத்தேன். வழக்கம்போல் ஆட்கள் வந்தார்கள். ஒருவர் ரைஸ் குக்கரையே தூக்கிக்கொண்டு வந்தார். அந்தக் கூச்சலுக்கு நடுவே வேலிக்கு அந்தப் பக்கமிருந்து மெஷின் 'பீப் பீப்' என்று அழுது அடங்குவது எனக்குக் கேட்டது. எல்லோருக்கும் கேட்டது. நான் குக்கருக்கு இடம் ஒதுக்கிக்கொண்டிருந்தேன்.

மனைவி உள்ளேயிருந்து ஒயரைச் சுருட்டி எடுத்து வந்தாள். "எங்கண்ணன் மூச்சு விடுறதுக்குக் கூட உங்ககிட்ட மனு போடணுமா?" என்று கேட்டாள். பதிலுக்குக் காத்திருக்கவில்லை. ஒயரை வேலிமேல் வீசினாள். அவர் மனைவி அந்தப் பக்கம் பிடித்துக்கொண்டார். மெஷின் ஓடத் தொடங்கியது. எனக்கு நிம்மதியாக இருந்தது, கோபமாகவும் இருந்தது.

இருபது நிமிடம் ஆனது. ஜெனரேட்டர் இருமியது, குலுங்கியது, நின்றது.

ஆளுக்கு ஆள் ஒயரைப் போட்டால் நிற்காமல் என்ன செய்யும் என்று கத்தினேன். குக்கர் வெளியேறியது, போன்கள் வெளியேறின. மச்சான் ஒயரை மட்டும் விட்டுவிட்டு மறுபடி இழுத்தேன். ஓடியது. கொஞ்ச நேரத்தில் நின்றது. எண்ணெயைச் சந்தேகப்பட்டு டாங்கியின் அளவுகாட்டியைப் பார்த்தேன், பாதிக்கு மேல் காட்டியது. பிளக்கைக் கழற்றித் துடைத்தேன், சிரம்பான் கடைக்காரனைத் திட்டினேன். இழுத்து இழுத்துக் கை ஓய்ந்துபோனது. ஒவ்வொரு முறை நிற்கும்போதும் பக்கத்து வீட்டில் சிலிண்டரைத் திறக்கிற சத்தம் கேட்டது.

"அண்ணே, சிலிண்டர் முள்ளு சிவப்புக்கு வந்திருச்சு!" என்று மச்சான் மனைவி வேலிக்கு மேலே கூப்பிட்டார். ஒரு மனிதர் சாகப்போகிறார், அவரைக் காப்பாற்றும் பொறுப்பு தோட்டத்திலேயே எஞ்சினைப் பற்றி ஒன்றும் தெரியாத என் கையில் இருக்கிறது என்பது அப்போதுதான் உறைத்தது.

இன்னொரு முறை இழுத்தேன். ஓடியது. நிமிர்ந்தபோது வேலி ஓரத்தில் மச்சான் நின்றுகொண்டிருந்தார். அவர் மனைவி சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு பக்கத்தில். அவர் என்னைப் பார்க்கவில்லை. தலையைச் சாய்த்து எஞ்சின் சத்தத்தையே கேட்டார். அது இருமி நின்றதும் கையை உயர்த்தி, விரல்களைச் சுழற்றிக் காட்டினார்.

"எண்ணெய் இருக்கு மச்சான்" என்றேன். இரண்டு வருடத்தில் நான் அவரிடம் சொன்ன முதல் வார்த்தை அதுதான்.

அவர் இல்லை என்று தலையை ஆட்டி, மறுபடியும் விரலைச் சுழற்றினார். மூடியைத் திற என்கிறார். வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமையாகச் சேர்ந்து செங்கல்லாகிவிட்ட சந்தனத்தோடு மூடியைத் திருகினேன். 'உஸ்' என்று உள்ளே காற்று பாய்ந்தது. கயிற்றை ஒருமுறைதான் இழுத்தேன். ஓடியது. பிறகு நிற்கவே இல்லை.

மச்சான் மூடியை வாங்கிப் பார்த்தார். தன் மனைவியின் சேலையிலிருந்த ஊக்கைக் கேட்டு வாங்கி, சந்தனத்தைச் சுரண்டி, அதன் நடுவில் இருந்த கடுகளவு ஓட்டையைக் குத்தித் திறந்தார். எண்ணெய் இறங்க இறங்க அந்த ஓட்டை வழியாகத்தான் டாங்கிக்குள் காற்று போகவேண்டுமாம்.

"அதுக்கு... மூச்சு முட்டுது" என்றார்.

மத்தியானம் அவர் வீட்டுக்குப் போனேன். மூக்கில் குழாயோடு நாற்காலியில் சாய்ந்திருந்தார். மெஷின் சீராக ஓடிக்கொண்டிருந்தது. தேத்தண்ணி வந்தது. என்ன பேசுவது என்று தெரியாமல் சத்தம் போட்டு உறிஞ்சிக் குடித்தேன்.

"தேர்லயும் இதேதான்" என்றார் அவர்.

எனக்குப் புரியவில்லை.

"மறுநாள்... மெஷினைத் திருப்பிக் கொடுக்கிறப்ப பாத்தேன். மூடி பூரா சந்தனம். டாங்கியில பாதி எண்ணெய் இருந்துச்சு."

கோப்பையைக் கீழே வைத்தேன். "அப்ப கூட்டத்துல ஏன் மச்சான் சொல்லல? அவ்வளவு பேர் சிரிச்சாங்களே?"

அவர் மூச்சைச் சேர்த்துக்கொண்டார். "நீங்கதான பொட்டு வச்சீங்க. தங்கச்சி வீட்டுக்காரர... சபையில வச்சு எப்படிச் சொல்றது, மாப்பிள்ள? அதான் பேசாம இருந்துட்டேன். பேசினா வாயில வந்திரும்னு... அப்புறமும் பேசல."

நான் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். இவ்வளவு வெட்கம் எனக்கு வாழ்க்கையில் வந்ததில்லை. அவர் என்மேல் கோபமாக இருக்கிறார் என்று நினைத்து இரண்டு வருடம் நான் கோபமாக இருந்திருக்கிறேன்.

சாயங்காலம் மரத்தை வெட்டி எடுத்தார்கள், மின்சாரம் வந்தது. நான் அலமாரியிலிருந்து கோயில் கமிட்டியின் குறிப்புப் புத்தகத்தை எடுத்தேன். என்னுடைய முத்து முத்தான கையெழுத்தில் அந்த வரி இருந்தது. 'பொறுப்பாளரின்' என்பதை அடித்துவிட்டு, மேலே 'செயலாளரின்' என்று எழுதினேன். வருகிற கூட்டத்தில் எழுந்து நின்று வாசிக்கப்போகிறேன் என்று மனைவியிடம் சொன்னேன். அவள் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். பக்கத்தின் அடியில் கையெழுத்து ஏற்கெனவே என்னுடையதாகத்தான் இருந்தது. அதை மாற்றவேண்டிய அவசியம் வரவில்லை.