கிளைடருக்குப் பாரம்

கிளைடருக்கு இன்ஜின் கிடையாது. நீளமான இரும்புக் கயிற்றால் தரையிலிருந்து இழுத்து மேலே ஏற்றுவார்கள். கயிறு கழன்றதும் காற்றை நம்பித்தான் பிழைப்பு. எண்பதுகளின் கடைசியில் தாம்பரத்து கிளப்பில் அதைக் கற்றுக்கொண்டிருந்த ஒரே பெண் நான். "அடுத்த ஞாயிறு உன்னைத் தனியா விடறேன்" என்று பயிற்சி தரும் சார் ஒரு ஞாயிறு காலையில் சொன்னார். அன்று மாலையே என்னைப் பெண் பார்க்க வருகிறார்கள். மாப்பிள்ளைக்கு நாக்பூரில் வேலை. சம்பந்தம் கூடிவிட்டால் நான் தனியாகப் பறப்பது இந்த ஜென்மத்தில் இல்லை.

அன்றைக்குப் பார்த்துக் காற்று காலை வாரிவிட்டது. சாரும் நானும் திரும்ப முடியாமல், முடிச்சூரில் அறுவடை முடிந்த ஒரு வயலில் இறங்கினோம்.

"நீ உள்ளயே இரு, ஜீப்போட வரேன்" என்று சார் நடந்தார். தரையில் காலியாக நிற்கும் கிளைடரைப் பலமான காற்று புரட்டிப் போட்டுவிடும். அதனால் ஒருவர் பாரத்துக்கு உட்கார்ந்தே ஆகவேண்டும். கண்ணாடி மூடியையும் திறக்கக் கூடாது, பிய்த்துக்கொண்டு போய்விடும். வெயிலில் உள்ளே வெந்துகொண்டிருந்தேன்.

வயல்காரர் வந்து எட்டிப் பார்த்தார். "இன்னாமா, உள்ள மாட்டிக்கினியா?"

"இல்லண்ணா, நான் எறங்கினா இது கவுந்துடும்."

"நல்லா கீது போ" என்று இறக்கையைப் பிடித்துக்கொண்டார்.

போகிற வழியில் சார் இரும்புலியூரில் எங்கள் வீட்டில் தகவல் சொல்லியிருக்கிறார். அப்பா மொபெட்டில் வந்து இறங்கினார். "எறங்கு. அவங்க வந்து உக்காந்திருக்காங்க."

"எறங்கக் கூடாதுப்பா. யாராவது உள்ள இருந்தே ஆகணும்."

எனக்கு உள்ளூரச் சந்தோஷம். உலகத்தில் யாரும் என்னை எழுப்ப முடியாத இடம் அது ஒன்றுதான் என்று நினைத்தேன். அப்பா வேட்டியை மடித்துக் கட்டினார்.

"அவ்ளோதானே? நான் உக்காந்துக்கறேன். நீ வண்டியை எடுத்துட்டுப் போ."

என் எடைக்கு இரண்டு மடங்கு இருப்பார். வயல்காரர் கண்ணாடி மூடியை இறுக்கிப் பிடித்துக்கொள்ள, இடம் மாறினோம்.

வியர்வை காயாத முகத்தோடு காபி கொடுத்தேன். பெண்ணின் அப்பா எங்கே என்று அவர்கள் கேட்டதற்கு, அவசர வேலை என்றாள் அம்மா. எல்லோருக்கும் என்னைப் பிடித்துவிட்டது. பதில் சொல்ல வேண்டியது நாங்கள்தான்.

இருட்டிய பிறகு அப்பா வந்தார். சாப்பிடும்போது, "உள்ள ஒரே புழுக்கம்மா. கையக் கால அசைக்க முடியல. எப்ப வெளிய விடுவாங்கன்னும் தெரியல. எப்படிம்மா உக்காந்திருந்த?" என்றார்.

"பழகிடும்பா" என்றேன்.

அப்பா பிசைந்த சோற்றை வாயில் வைக்கவில்லை. "ஞாயித்துக்கிழமை போயிட்டு வா. அவங்களுக்குத் திங்கட்கிழமை பதில் சொல்லிக்கறேன்" என்றார். எனக்கு அழுகை வந்தது.

அந்த வாரம் முழுக்க அண்ணாந்தே திரிந்தேன். சனிக்கிழமை வரை துளி மேகமில்லை. ஞாயிறு விடியும்போதே மழை. அப்பா கையில் குடையோடு வாசலுக்கும் கூடத்துக்கும் நடந்தார். "மத்தியானம் விட்டுடும்மா, பாரேன்" என்று என்னைவிடத் தனக்கே அதிகம் சொல்லிக்கொண்டார்.

விடவில்லை. திங்கட்கிழமை காலையில் அவர்களிடம் சரி என்று சொல்லிவிட்டு வந்தார்.