அழிக்கப்படாத ஒரு நாளின் குரல்

1. செகந்திராபாத் பேகம்பேட்டில் தொழில் செய்யும் வழக்கறிஞன் அனந்தநாராயணன் ஆகிய நான், என் அலுவலகம் இருக்கும் அதே மாடியில் பங்குத் தரகு அலுவலகம் நடத்திவந்த என் நண்பர் சுந்தரேசனைக் குறித்து, அவரை அறிந்த உங்களுக்கு இதைக் கூறுகிறேன்.

2. நேரில் கண்டதையும் கேட்டதையும் தவிர வேறெதையும் இதில் சேர்க்கவில்லை.

நீதிமன்றத்திலிருந்து திரும்பிப் படியேறுகையில், அவருடைய அலுவலக உதவியாளர் மேரி எதிரே வந்தார். "சார் போயிட்டாங்க சார். சாப்பாட்டு டப்பாவைத் திறந்தார், அப்படியே சாஞ்சுட்டார்" என்றார். அவர் சொல்லி முடிக்குமுன் உள்ளேயிருந்து சுந்தரேசனின் குரல் கேட்டது.

அது தொலைபேசியோடு இணைந்த பதிவு இயந்திரம். தினமும் காலையில் அன்றைய சந்தை குறித்த தம் கருத்தை அதில் பேசிவைப்பார்; அழைக்கும் வாடிக்கையாளர்கள் கேட்டுக்கொள்வார்கள். மாலையில் தாமே அழித்துவிடுவார். நல்ல கணிப்புகளையாவது வைத்திருக்கலாமே என்று ஒருமுறை கேட்டேன். "என் கருத்துக்கு ஒரு நாள்தான் ஆயுசு, வக்கீல் சார். மறுநாளும் கேட்டா அது ஜோசியம்" என்றார்.

அவர் இறந்தது நண்பகலில். அன்றைய பதிவை அழிக்க யாருக்கும் கை வரவில்லை.

"இன்னிக்கு சந்தை விழும். பதறாதீங்க. விக்காதீங்க, பொறுங்க." இதுவே அந்தப் பதிவு. எண்ணெய் விலை ஏறி, அரிசி விலை ஏறி, மத்திய வங்கி வட்டியை உயர்த்திக்கொண்டிருந்த கோடை அது. அன்று சந்தை விழுந்தது. மறுநாளும், அடுத்த வாரமும் விழுந்தது. அவர் இறந்ததை அறிந்தவர்களும் அழைத்தார்கள். "சார் இன்னிக்கு என்ன சொல்றார்?" என்று மேரியிடம் தணிந்த குரலில் கேட்டவர்களும் உண்டு.

அவர் மனைவி லலிதா தினமும் அழைத்தார். சுந்தரேசனின் பங்குகள் லலிதாவின் பெயருக்கு மாறியிருந்தன; இனி அவர் வாழ வேறு ஆதாரம் இல்லை. பாதியையாவது விற்றுவிடும்படி சொன்னேன்.

"கைக்கு? ஏன் விக்கணும்? அவரே பொறுன்னு சொல்றாரே."

"அது அன்னிக்குச் சொன்னதும்மா."

"விழும்னார், தினமும் விழுது. நீங்க கோர்ட்டுல சொன்னது எதாவது இப்படிப் பலிச்சிருக்கா?"

"விழும்னது பலிக்குது. பொறுங்கன்னது உங்க கையில இருக்கறதைக் கரைக்குது. சாயங்காலம் ஆனா அவரே அதை அழிச்சிடுவார். உங்ககிட்டச் சொன்னதில்லையா?"

"ஹவ், ஆமா," என்றார் லலிதா. "வீட்டுக்கு வந்ததும் 'இன்னிக்குக் கடை கட்டியாச்சு'ம்பார். வாசலைப் பூட்டினதைச் சொல்றார்னு நெனச்சேன்."

மறுநாள் மாலை அலுவலகத்துக்கு வந்தார். கடைசியாக ஒருமுறை ஓடவிட்டு, "பொறுங்க" என்பது முடியும்வரை நின்று கேட்டு, தம் கையாலேயே அழித்தார். விற்பதற்கான உத்தரவில் கையெழுத்திட்டார்.

அப்போது தொலைபேசி ஒலித்தது. மேரி ஒலிபெருக்கிப் பொத்தானை அழுத்தினார். மறுமுனையில் பேச்சில்லை, யாரோ காத்திருக்கும் மூச்சு மட்டும் கேட்டது.

லலிதா குனிந்து, "நான் லலிதா பேசறேன். அவர் போயிட்டார். இனிமே அவங்கவங்க முடிவை அவங்கவங்கதான் எடுக்கணும்" என்றார்.

சற்றுப் பொறுத்து, "சரி" என்றது மறுமுனை. இணைப்பு அறுந்தது.

அது யாருடைய குரல் என்று நாங்கள் மூவரும் அன்று பேசிக்கொள்ளவில்லை. நானும் இங்கே அதைப் பற்றி எதுவும் கூறவில்லை. சுந்தரேசனுடையதாக நான் வைத்திருப்பது அந்தச் "சரி" என்ற ஒரு சொல்லைத்தான்.

(ஒப்பம்) அனந்தநாராயணன்
செகந்திராபாத், 2008

உடனிருந்து கேட்ட சாட்சிகள்:
லலிதா சுந்தரேசன்
மேரி