நாலு மனைக்குக் குடிபோன பிள்ளைகள்

என் மகள் இரண்டு மனையிலிருந்து நாலு மனைக்குக் குடிபோன ஞாயிற்றுக்கிழமை, நான் ஒரு டப்பா நிறைய கேசரி கிண்டி எடுத்துக்கொண்டு போனேன். அவளுக்கு அப்போது எட்டு வயது. புது ஃப்ராக் போட்டால்தான் வருவேன் என்று அடம்பிடித்தவளை, "ஃப்ராக்கோட பந்து உதைப்பியாடி?" என்று அதட்டி டவுசரில் கிளப்பியிருந்தேன். மஞ்சள் பெயிண்ட் அடித்த எல்லைக்கல்லைத் தாண்டி அவள் அந்தப் பக்கம் கால் வைத்ததும் மற்ற பிள்ளைகள் ஓவென்று கத்தினார்கள். "இன்னா, பால் காய்ச்சலையா?" என்று ஒரு அம்மா கேட்டாள். கேள்விப்படுகிறவர்கள் நாங்கள் வீடு மாறினோம் என்றுதான் நினைப்பார்கள். மாறியது என் மகள் ஆடுகிற கால்பந்து மைதானம்.

புதுவாயலிலிருந்து உள்ளே தள்ளி, எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருந்த வயலை ஒருவர் வாங்கி மனை போட்டார். கலர் கலராகக் கொடி நட்டார், எல்லைக்கல் புதைத்தார், ரோடு போட இடம் விட்டார், வாசலில் லாரியே நுழைகிற உயரத்துக்கு ஒரு வளைவும் கட்டினார். அப்ரூவல் மட்டும் வரவில்லை. கொடிகள் வெயிலில் வெளுத்துக் கிழிந்தன, மனைகளில் நெருஞ்சி முளைத்தது. அந்த இடத்தைத்தான் என் நாத்தனார் பிடித்துக்கொண்டாள். என் வீட்டுக்காரரின் ஒரே தங்கை. அப்போது கல்யாணம் ஆகவில்லை, எங்களோடுதான் இருந்தாள். கும்மிடிப்பூண்டியில் கார்களுக்கு வயர் கட்டும் கம்பெனியில் வேலை. வாரம் ஆறு நாள் கம்பெனி பஸ்ஸில் தூங்கி வழிந்துகொண்டு போய்வருவாள். ஏழாம் நாள் விடியும் முன்னே எழுந்து மண்வெட்டியோடு நெருஞ்சி செதுக்கப் போய்விடுவாள். உட்கார்ந்த இடத்தில் ஒரு டம்ளர் காபி குடிக்க மாட்டாளா என்று எனக்கு எரிச்சல் எரிச்சலாக வரும்.

அவள் சின்ன வயதில் பேர் வாங்கிய ஆட்டக்காரி. நான் கல்யாணமாகி அந்த வீட்டுக்கு வந்தபோது அலமாரியில் வரிசையாகக் கோப்பைகள் இருந்தன. ஒன்றில் என் மாமியார் ஊக்கும் பொத்தானும் போட்டு வைத்திருந்தார். ஒன்பது வயதிலேயே நல்ல உயரமாம் இவள். அதனால் பெரிய பெண்களோடு சேர்த்து, பெரிய மைதானத்தில், பெரிய பந்தோடு இறக்கிவிட்டார்கள். காலையில் சுற்றிச் சுற்றி ஓட்டம், ஞாயிறு ஆனால் மேட்ச், சுற்றி நின்று பெரியவர்கள் கூச்சல். கோப்பைகள் வந்தன. பதினாலு வயதில் ஒருநாள் பூட்ஸைக் கழற்றிப் பரணில் போட்டவள், அப்புறம் தொடவே இல்லை. முட்டி போய்விட்டதா, அடிபட்டதா என்று நான் துருவித் துருவிக் கேட்டிருக்கிறேன். "அதெல்லாம் ஒண்ணுமில்ல அண்ணி. ஆச செத்துப்போச்சு," என்பாள். அதற்கு மேல் வாயைத் திறக்க மாட்டாள்.

என் மகள் வீட்டுக்குள் பிளாஸ்டிக் பந்தை உதைத்து என் ஊறுகாய் பாட்டிலை உடைத்த வருஷம்தான் நாத்தனார் அந்தப் பூட்ஸை இறக்கப் பரணில் ஏறினாள். "நான் சொல்லித் தரேன் அண்ணி. ஆனா என் இஷ்டத்துக்குத்தான் சொல்லித் தருவேன். யாரும் நடுவுல வரக்கூடாது. இந்தக் குட்டிங்களுக்குப் பந்து மேல கீற ஆச மட்டும் சாவக்கூடாது, எனக்கு அது போதும்." விடுமுறை எடுத்து எங்கேயோ ஒரு பயிற்சி வகுப்புக்கும் போய்வந்தாள். அங்கே கற்றுக்கொண்டதும் தன் வயிற்றெரிச்சலும் சேர்ந்துதான் அவளுடைய சட்டம் உருவானது என்று நினைக்கிறேன். ஆறு ஏழு வயதுக் குட்டிகளுக்கு இரண்டு மனை. எட்டு ஒன்பதுக்கு நாலு மனை. பத்து தாண்டினால் நடுவில் விட்ட ரோட்டையும் சேர்த்து எட்டு மனை. பந்தும் அப்படியே, குட்டிகளுக்கு முலாம்பழம் அளவு, வளர வளரப் பெரிசு. தலையால் முட்டுவது அவள் சொல்கிற வயது வரைக்கும் கிடையாது.

குட்டிகள் இரண்டு மனையில் செய்ததைப் பார்த்தால் யாரும் பயிற்சி என்று சொல்ல மாட்டார்கள். ஆளுக்கு ஒரு பந்து. பந்தைக் காலிலேயே வைத்துக்கொண்டு திருடன் போலீஸ் ஆடுவார்கள். அடுத்தவன் பந்தைத் தட்டிவிட்டுத் தன் பந்தைக் காப்பாற்ற வேண்டும். கோல்கீப்பர் கிடையாது, வரிசையில் நிற்பது கிடையாது, சுற்றி ஓடுவது கிடையாது. நாலு மனைக்குப் போனால் இந்தப் பக்கம் நாலு பேர், அந்தப் பக்கம் நாலு பேர். இந்த வாரம் முன்னால் ஆடியவள் அடுத்த வாரம் பின்னால் ஆடுவாள். என் மகள் வயதுக்கு மீறிய உயரம். எட்டு மனைக்கு ஏற்றிவிடச் சொல்லி என் வீட்டுக்காரர் தங்கையிடம் கெஞ்சாத நாள் இல்லை. "உயரம் வளர்ந்துச்சுண்ணா. வயசு வளர்லியே," என்று ஒரே பேச்சில் முடித்துவிடுவாள். சின்ன மனையில்தான் பந்து அடிக்கடி காலுக்கு வரும், காலுக்கு வந்தால்தான் கால் பேசக் கற்கும் என்பது அவள் கணக்கு. எங்கள் வீட்டில் அந்த அண்ணன் தங்கை சண்டை இல்லாமல் ஞாயிற்றுக்கிழமை சாப்பாடு இறங்காது.

வந்தது வினை, அப்பாக்கள் ரூபத்தில். முக்கால்வாசிப் பேர் கம்பெனி ஆட்கள். நைட் ஷிஃப்ட் முடித்து, சாப்பாட்டுப் பையோடும் சிவந்த கண்ணோடும் நேராக எல்லைக்கல்லில் வந்து உட்காருவார்கள். உட்கார்ந்தால் வாய் சும்மா இருக்காது. "அடிடா! பாஸ் குட்றா! இன்னா பாத்துக்கினு நிக்கிற!" எல்லாரையும் தூக்கிச் சாப்பிடும் குரல் ஒருவருக்கு. டிரெய்லர் லாரி ஓட்டுபவர். ஆரம்பாக்கம் பக்கத்து ஆள், தெலுங்கு பேசுகிற வீடு, அப்பன் மகனையும் மகன் அப்பனையும் நைனா, நைனா என்றுதான் கூப்பிடுவார்கள். அந்தப் பையன் ஏழு வயதுப் பொடியன். அப்பா குரல் கேட்டதும் பந்தை விட்டுவிட்டு அப்பாவைத் திரும்பிப் பார்ப்பான், அதற்குள் பந்து போய்விடும், அதற்கும் ஒரு திட்டு விழும்.

அந்த வருஷம் ஹைவேக்கு அந்தப் பக்கம் பெரிதாக ஒரு அகாடமி வந்தது. புல்தரை, கோல் போஸ்ட், முதுகில் நம்பர் போட்ட சட்டை. நம் பிள்ளைகள் வயதுப் பிள்ளைகளே முழு மைதானத்தில் ஆடி ஒரு கோப்பையும் வாங்கிவிட்டார்கள். போதாதா? "இங்க மூணு வருசமா திருடன் போலீஸ்தான் ஆடிக்கினு கீதுங்க. மேட்ச் எப்போ? கப்பு எப்போ?" என்று அப்பாக்கள் கூடிப் பேச ஆரம்பித்தார்கள். ஒரு வாரம் இரண்டு பிள்ளைகள் வரவில்லை, அடுத்த வாரம் இன்னும் நாலு பேர். லாரிக்காரரும் மகனை மாற்றப்போவதாகச் சொல்லிவிட்டார். என் வீட்டுக்காரரும் அந்தக் கும்பலில் ஒருவர், வெட்கக்கேடு. நாத்தனார் அன்று மதியம் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள், வாயில் போகவில்லை. "என்னை வேணான்னு சொன்னாக்கூடப் பரவால்ல அண்ணி. அந்தப் பசங்க என்னை மாதிரி ஆயிடுங்களே," என்றாள். இந்த ஆம்பிளைகளை நிற்க வைத்து நாலு வார்த்தை கேட்க வேண்டும் போல இருந்தது.

அவள் கேட்கவில்லை. அதற்குப் பதில் எல்லா அப்பாக்களுக்கும் ஒரு செய்தி அனுப்பினாள். வருகிற ஞாயிறு அப்பாக்கள் மேட்ச், நீங்கள் கேட்ட மாதிரியே பெரிய மைதானம், தவறாமல் வரவும். அடேயப்பா, என்ன உற்சாகம்! தொப்பையை டவுசருக்குள் அடக்கிக்கொண்டு, இரவல் கேன்வாஸ் மாட்டிக்கொண்டு, சொல்லி வைத்த மாதிரி எல்லாரும் ஆஜர். வந்து பார்த்தால் சுண்ணாம்புக் கோடு கண்ணுக்கெட்டாத தூரத்துக்குப் போகிறது. மொத்த மனைப் பிரிவும் மைதானம். ஒரு பக்க கோல், லாரி நுழையும் அந்த வாசல் வளைவு. மறுபக்க கோல், ஏரிக்கரையில் தள்ளித் தள்ளி நிற்கும் இரண்டு பனைமரம். பந்து என்று அவள் உருட்டிவிட்டது கூடைப்பந்து. உதைத்தால் பாதம் விண்ணென்று தெறிக்கும்.

அன்றைக்குப் போல நான் சிரித்த நாள் என் வாழ்க்கையில் கிடையாது. வளைவுக்கடியில் கோல்கீப்பராக நின்றவர் என் வீட்டுக்காரர்தான். ரெண்டு கையையும் தூக்கிக் குதிக்கிறார், பந்து அவருக்கு மேலே இன்னொரு ஆள் உயரத்தில் சாவகாசமாகப் போகிறது. மற்றவர்கள் பந்தைத் தேடி ஓடுவதிலேயே நாக்குத் தள்ளிவிட்டார்கள். பாதிப் பேர் பந்தைத் தொடவே இல்லை. ஒருவர் நடு ரோட்டில் மல்லாந்து படுத்து, "தண்ணி, தண்ணி," என்றார். எல்லைக்கல்லில் உட்கார்ந்திருந்த பிள்ளைகளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை, தாங்களாகவே ஆரம்பித்தார்கள். "அடிப்பா! பாஸ் குடுப்பா! இன்னா பாத்துக்கினு நிக்கிற! தூங்கிக்கினு கீறியா?" வார்த்தை, இழுப்பு, கையை ஆட்டுகிற விதம்கூட அப்பன்மாருடையதே.

லாரிக்காரரின் மகனுக்குத்தான் கொண்டாட்டம். கல் மேல் ஏறி நின்றுகொண்டு, "ஓடு நைனா, ஓடு! வேஸ்ட்டு நைனா நீ!" என்று தொண்டை கிழியக் கத்தினான். மூச்சிரைத்துக்கொண்டு நின்ற மனுஷன் சட்டென்று திரும்பினார். முகம் செக்கச்செவேல். "நீ வந்து ஆடிப் பாருடா! இம்மாம் பெரிய கிரவுண்டுல நீ வந்து ஆடு, அப்போ தெரியும்!" என்று கத்தினார். கத்தியவர் அப்படியே நின்றுவிட்டார். பையன் கல்லிலிருந்து இறங்கிக்கொண்டான். எல்லாரும் கேட்டிருந்தோம். நாத்தனார் தண்ணீர் பாட்டிலை அவர் கையில் கொடுத்து, "உங்க உசரத்துக்கு இந்தக் கிரவுண்டு எப்படியோ, இவன் உசரத்துக்கு நீங்க கேக்கற கிரவுண்டு அப்படித்தாங்கண்ணா," என்றாள். அவ்வளவுதான் பேசினாள்.

எல்லாரும் அன்றே திருந்திவிட்டார்கள் என்று கதை விடமாட்டேன். போனவர்களில் மூன்று பேர் திரும்பி வரவில்லை, அதில் ஒரு பையன் இன்று நன்றாகவே ஆடுகிறான். மற்றவர்கள் வந்தார்கள். லாரிக்காரர் அடுத்த வாரம் ஒரு பெரிய பொட்டலம் வேர்க்கடலையோடு வந்து கல்லில் உட்கார்ந்தார். "வாய் சும்மா கீதுன்னா கத்திடுவேம்மா. அதான் இதைப் போட்டுக்கினு கீறேன்," என்று நாத்தனாரிடம் சொன்னார். போகப்போக அப்பாக்கள் எல்லாருமே கடலை மென்றார்கள். வேர்க்கடலை விற்பவர் ஞாயிறு தோறும் தள்ளுவண்டியோடு அங்கேயே வர ஆரம்பித்தார். லாரிக்காரரின் மகன் நாலு மனைக்குக் குடிபோன அன்று வண்டிக் கடலை முழுவதும் அவர் செலவு. என் வீட்டுக்காரர் மட்டும் இன்றுவரை, வளைவு கொஞ்சம் தாழ்வாக இருந்திருந்தால் பிடித்திருப்பேன் என்றே சொல்லிக்கொண்டிருக்கிறார்.

இப்போது அந்த மனைகளுக்கு அப்ரூவல் வந்து, வீடுகள் எழும்பி, மாடியில் துணி காய்கிறது. பிள்ளைகள் ஏரிக்கரை ஓரத்து மைதானத்தில் ஆடுகிறார்கள். சின்னதும் பெரிசுமாகக் கோடு போட்டு அவர்களை நடத்துவது, நாத்தனாரிடம் எட்டு மனை வரை ஆடி வளர்ந்த ஒரு பெண். நாத்தனார் கல்யாணமாகிப் பொதட்டூர்பேட்டைக்குப் போய்விட்டாள். கணவர் மளிகைக் கடை வைத்திருக்கிறார், தங்கமான மனுஷன். அங்கேயும் ஒரு காலி இடத்தைப் பிடித்து, மாமியாரிடம் திட்டு வாங்கிக்கொண்டு, குட்டிகளை ஓடவிட்டுக்கொண்டுதான் இருக்கிறாள். என் மகளுக்குப் பதினாலு வயது ஆகிவிட்டது. என்னைவிட உயரம். முழு மைதானத்துக்குப் போய்ச் சில மாதம்தான் ஆகிறது.

போன மழைக்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. ராத்திரியெல்லாம் விடாமல் அடித்த மழை. மைதானத்தில் முட்டிக்கால் தண்ணீர், பயிற்சி கிடையாது என்று செய்தி வந்துவிட்டது. விடியும் முன்பே பூட்ஸ் மாட்டி உட்கார்ந்திருந்த என் மகள், அதைக் கழற்றக்கூடத் தோன்றாமல் கட்டிலில் குப்புற விழுந்து அழ ஆரம்பித்தாள். பதினாலு வயசுப் பெண், மூக்கை உறிஞ்சி உறிஞ்சி, சின்னக் குழந்தை மாதிரி. சமாதானம் செய்து பார்த்தேன், திட்டிப் பார்த்தேன், ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் நாத்தனாருக்கு போன் போட்டேன்.

"இன்னா அண்ணி, காலங்காத்தாலயே?"

"உன் மருமக பெரிய பேஜாரு பண்ணிக்கினு கீறா. கிரவுண்டுல தண்ணி நிக்குதாம், ஆட முடியலியாம். நாஷ்டாவும் வாணாமாம், ஒரே அழுகை. நீயாவது சொல்லேன்."

மழையில் லைன் போய்விட்டதோ என்று இரண்டு முறை ஹலோ சொன்னேன்.

"இருக்கேன் அண்ணி," என்றாள். குரல் என்னவோ போல இருந்தது. "இந்த வயசுல நான் சனிக்கெழம ஆனா அம்மன் கோயிலுக்குப் போவேன். ஊட்டுல எல்லாரும் நான் ஜெயிக்கணும்னு வேண்டிக்கப் போறேன்னு நெனச்சிக்கினு இருந்தாங்க. நான் மழ வரணும்னு வேண்டிக்கத்தான் போனேன். மழ வந்தா மேட்ச் இருக்காதில்ல."

கண் நிறைந்துவிட்டது. உள்ளே மகள் விசும்புகிற சத்தம் கூடத்துக்குக் கேட்டுக்கொண்டிருந்தது. "அவகிட்ட போனைக் குடுக்கட்டுமா?" என்றேன்.

"வாணாம் அண்ணி. அவ அழட்டும். போனை மட்டும் கொஞ்சம் அவ பக்கத்துல வைங்க. நான் கேட்டுக்கினு இருக்கேன்."

மகளின் தலையணை ஓரத்தில் போனை வைத்துவிட்டு, நான் தோசை ஊற்றப் போனேன்.