சுவருக்கு அந்தப்பக்கம் ஒரு மூச்சு

என் வாழ்நாளில் நான் தனியாகக் கண்டுபிடித்தது ஒன்றே ஒன்றுதான்: ஒரு பேய். அப்போது நான்காம் வகுப்பு.

தேயிலை விலை விழுந்து எங்கள் எஸ்டேட் ஃபேக்டரியை மூடியிருந்த காலம். ஒட்டிக் கட்டிய ஒற்றை அறை வீடுகளின் வரிசையான லயத்தில் பாதிக் காம்பராக்கள் காலி. குடியிருந்தவர்கள் திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்குப் போய்விட்டார்கள். மிச்சமிருந்த பெண்களில், காலையில் பெயர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் பெரட்டில் முதுகு வலி என்று வாய் திறந்தவளின் பெயரை அன்றே அடித்துவிடுவார் கங்காணி. ஃபேக்டரி வேலை போன அப்பா நெஞ்சில் நீர் கோத்துப் படுத்திருந்ததால், அம்மா பறிக்கும் கொழுந்தில்தான் எங்கள் உலை கொதித்தது.

குன்னூர் ஆஸ்பத்திரியில் நீரை எடுத்தபின், பிசியோதெரபி அக்கா அப்பாவுக்கு ஒரு பயிற்சி சொல்லிக்கொடுத்தார். சுருட்டிய கம்பளியைத் தோள்பட்டைகளுக்குக் கீழே குறுக்காக வைத்து மல்லாந்து படுக்க வேண்டும். கைகளைத் தலைக்குமேல் நீட்டி, விலா எலும்புகள் பக்கவாட்டில் விரியும்படி மூச்சிழுத்து, வாயால் மெல்ல விட வேண்டும். நெஞ்சும் விரியும், முதுகுப் பிடிப்பும் விடும் என்றாராம். கூடப் போயிருந்த அம்மா இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாளாம்.

அந்தியில், பனிமூட்டம் கதவிடுக்கு வழியாக உள்ளே வரும் நேரத்தில் அப்பா படுப்பார். அம்மா விறகுக்குப் போயிருப்பாள். மூன்றாம் நாள் கேட்டது. அப்பா மூச்சை விட்டு முடித்ததும், ஆளில்லாத பக்கத்துக் காம்பராவில் இன்னொரு மூச்சு. நீளமாக, கடைசியில் சின்ன முனகலோடு. நடுவே எலும்பு சொடுக்கும் சத்தம். அப்பா நிறுத்தினார், அது நிறுத்தவில்லை.

"காத்துடா," என்றார் அப்பா. காற்றுக்கு எலும்பு ஏது என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

அது அப்பாவின் மூச்சைத்தான் உறிஞ்சுகிறது என்று தீர்மானித்தேன். லயத்துச் சுவர் கூரைவரை போகாது. மறுநாள் பரணில் ஏறி எட்டிப் பார்த்தேன். அரையிருட்டில் தலைவிரி கோலமாக ஓர் உருவம் மல்லாந்து கிடந்தது. நெஞ்சு மட்டும் வில்லாக எழும்பி எழும்பித் தாழ்ந்தது. கண் திறந்தது. அம்மா.

அங்கே குடியிருந்து ஊரைவிட்டுப் போன அத்தை அந்தக் காம்பரா சாவியை அம்மாவிடம்தான் கொடுத்துப் போனாள் என்பது நினைவுக்கு வரும் மூளை அப்போதும் எனக்கு இல்லை. "அம்மாவப் பேய் புடிச்சிருச்சு!" என்று நான் போட்ட கூச்சலில் லயமே திரண்டது. கங்காணி விபூதியோடு வந்தார்.

"என்னா புள்ள, தரையில கெடக்குற? முதுகுல கிதுகுல ஏதாச்சுமா?"

அம்மா ஒரு கணம் என்னைப் பார்த்தாள். பிறகு தலையைச் சுழற்ற ஆரம்பித்தாள். கங்காணி முன்னால் நிமிர்ந்தே பேசாதவள் "டேய்!" என்றாள். அது அவள் குரலாகவே இல்லை. "இந்தக் காம்பராவ இருட்டுல போட்டுட்டுப் போயிட்டாளுக. அந்திக்கு அந்தி இவ வந்து எனக்குத் தொணையாப் படுக்கணும். மறிச்சே, ஒன் வூட்டுக்கு வந்துருவேன்!"

"படுக்கட்டும் தாயி, நல்லாப் படுக்கட்டும்," என்றார் கங்காணி, விபூதியைத் தன் நெற்றியிலேயே பூசிக்கொண்டு.

பேய் பிடித்தவளின் பெயரை அடிக்க அவருக்குத் துணிவில்லை. மறுநாள் காலை அம்மா கூடையோடு பெரட்டுக்குப் போனாள். நான் ஒரு மாதம் அவள் பக்கத்தில் படுக்கவில்லை.

அடுத்த வாரம் கடைசிக் காம்பரா அக்காவைப் பேய் பிடித்தது. பிறகு இன்னும் இருவரை. அந்தியானால் சுவருக்கு அந்தப்பக்கம் நான்கு மூச்சுகள் ஒன்றாக எழுந்து ஒன்றாக இறங்கும். நான் போர்வைக்குள் நடுங்குவேன். லயத்தில் அத்தனை பேர் இருக்க, அந்தப் பேய் ஏன் கொழுந்துக் கூடை சுமக்கிறவர்களை மட்டும் தேடித் தேடிப் பிடித்தது என்பது எனக்கு விளங்கவே இல்லை.