பதினோராவது சிலுவை

பத்துச் சிலுவைகளுக்கும் நின்றபடியே சுண்ணாம்பு அடிப்பார் கபிரியேல். பதினோராவதுக்கு மட்டும் குந்திக்கொள்வார். மட்டைத் தூரிகையை வாளி விளிம்பில் வழித்துவிட்டு, அடியிலிருந்து மேலே, மெதுவாக. யாராவது பார்த்துவிட்டால், "முட்டி வலிங்க" என்பார்.

மாத்தளை மலைப்பக்கம், எல்கடுவைக்கு மேலே, மிளகுக்கொடி மண்டிய சரிவில் இருக்கிறது அந்த மடம். வெள்ளைக்காரச் சாமிமார் கட்டியது. பதினான்கு வயதில் அதன் குசினிக்கு விறகு பிளக்கப் போனவர் இவர். எழுபதுகளில் சாமிமார் ஊருக்குக் கப்பல் ஏறினார்கள். செத்துப்போன பத்துப் பேர் மட்டும் பின்பக்கம் வரிசையாகத் தங்கிவிட்டார்கள். பெயர் எழுதாத, ஒரே அளவு மரச்சிலுவைகள். அது அவர்கள் சபை வழக்கம்.

பிறகு கோயில் மண்டபத்தில் தோட்டத்து மிளகு மூட்டைகள் ஏறின. எண்பத்து மூன்று கலவரத்தில் மூட்டைகளை இறக்கிவிட்டு அகதிகளை ஏற்றினார்கள். எண்பத்தொன்பதில் துப்பாக்கிகளோடு வந்து துவக்குக்காரர்கள் முகாம் போட்டார்கள். சாமிமார் ஜெபம் செய்த அறைகளுக்கு வெளிப்பக்கம் தாழ்ப்பாள் வந்தது. அப்புறம் நான்கு வருடம் பள்ளிக்கூடம். பிள்ளைகள் அந்தத் தாழ்ப்பாள்களில் தொங்கி விளையாடின. அப்புறம் வௌவால்.

கபிரியேல் குசினியை விட்டு நகரவேயில்லை. "சாமிக்கும் ஆக்கிப் போட்டேன், துவக்குக்காரனுக்கும் ஆக்கிப் போட்டேன். உப்பு யாருக்குக் கூடன்னு என்னையக் கேளுங்க" என்று சிரிப்பார். தாழ்ப்பாள் போட்ட அறைகளைப் பற்றிக் கேட்டால் சிரிப்பு நின்றுவிடும். "பன்னெண்டு தட்டு போவும். பன்னெண்டும் திரும்பி வரும். சில நாளு சோத்தோடயே வரும்."

அகதி முகாமாக இருந்தபோதுதான் அவர் மனைவி மார்ஜரிக்கு முதல் பெண் பிள்ளை செத்துப் பிறந்தது. ஞானஸ்நானம் இல்லாததை மந்திரித்த மண்ணில் வைக்கக் கூடாது, வேலிக்கு வெளியே புதைத்துவிடு என்றார் உபதேசியார். வேலிக்கு வெளியே காட்டுப்பன்றி கிளறும். மத்தியானம், எல்லாரும் நிவாரண அரிசிக்கு வரிசையில் நிற்கையில், சாமிமார் வரிசையின் கடைசியில் குழி தோண்டினார் கபிரியேல். விறகுக் கட்டையில் அதே அளவுக்கு ஒரு சிலுவை செய்து நட்டார். நாற்பது வருடமாக யாரும் எண்ணிப் பார்க்கவில்லை.

இப்போது மடம் ஹோட்டலாகிறது. பின்பக்கம் நீச்சல் குளமாம். சாமிமாரின் எலும்புகளை மாத்தளைக்குக் கொண்டுபோகப் போன வாரம் ஆட்கள் வந்தார்கள். வேலையைப் பொறுப்பெடுத்த பஸ்லி பாஸ் கையிலிருந்த கடிதத்தைப் பார்த்தார், பெட்டிகளைப் பார்த்தார், சிலுவைகளைப் பார்த்தார்.

"பேரு பத்து, பெட்டி பத்து. இது யாருண்ணே? நாளைக்குக் குளம் வெட்ட மிஷின் வருது."

சொன்னால் நாற்பது வருடத்துத் திருட்டு வெளியே வரும். சொல்லாவிட்டால் பிள்ளையின் மேல் யாரோ நீந்துவார்கள். கபிரியேல் வாளியைக் கீழே வைத்தார்.

"எம் மக, பாஸ்."

பஸ்லி கடிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். மண்வெட்டிக்காரர்களைத் தேத்தண்ணி குடிக்க அனுப்பினார்.

கபிரியேல் கையாலேயே தோண்டினார். தோள்வரை கை உள்ளே போயும் கறுப்பு மண்தான் வந்தது.

"எலும்பு ஒண்ணும் இல்லையேண்ணே. எதை எடுக்கப்போறீங்க?"

கபிரியேல் சட்டையைக் கழற்றி, உதறித் தரையில் விரித்தார். இரண்டு கையாலும் மண்ணை அள்ளி நடுவில் வைத்தார். பிறகு சட்டையின் கைகளை ஒவ்வொன்றாக எடுத்து, குளிருக்குப் பொத்துகிற மாதிரி, அதன் மேல் குறுக்காகப் போர்த்தினார்.