செனத்தோரே காத்த சொல்

செனத்தோரே பெல்லமோந்தே சொன்ன சொல் தவறாதவர் என்று ஞானசேகரம் பிரான்காச்சோவிலுள்ள தமிழர் எல்லோரிடமும் சொல்லி வந்தார். அவர் சொன்னது பொய்க்கவில்லை. பொய்த்திருந்தால் கோபிக்கவேனும் ஓர் ஆள் கிடைத்திருப்பார்.

செனத்தோரே என்பது இத்தாலிய மேலவை உறுப்பினர் ஒருவரை அவ்வூரார் விளிக்கும் மரியாதைச் சொல். பெல்லமோந்தே இத்தாலியின் தெற்குத் தீவு முழுவதற்குமான கட்சிப் பட்டியலில் தெரிவானவர். ஆயினும் அவருடைய செல்வாக்கு விளைந்த வயல் பலெர்மோவின் கிழக்குப் புறநகரான பிரான்காச்சோதான். தண்டவாளம் நடுவே பிளந்து ஓடும் நிலம் அது. ஒரு பக்கம் அரசாங்கத் தொடர்மாடிகள், ஒவ்வொன்றின் தலையிலும் நீலத் தண்ணீர்த் தாங்கிகள். மறுபக்கம் இரும்பு அறுக்கும் பட்டறைகளும் சலவைக்கல் பட்டறைகளும். பேருந்து தனக்கு மனம் வந்தபோது வரும். இரண்டு தேர்தல்களுக்கு இடையில் அங்கே பழுதுபார்க்கப்பட்ட தெரு ஒன்றுமில்லை; ஆனாலும் தேர்தல் தோறும் அம்மக்கள் அவருக்கே வாக்களித்தார்கள். 'எங்கள் இரும்புப் பட்டறைக் கர்மேலோவின் மகன்' என்பது ஒன்றே அவர்களுக்குப் போதுமான காரணமாயிருந்தது.

அந்தக் கர்மேலோ என்னும் கிழவரைப் பார்த்துக்கொள்வதே ஞானசேகரத்தின் வேலை. மகன் நகர நடுவிலுள்ள பொலிதேயாமாப் பக்கம் பெரிய வீடு வாங்கிப் போன பின்னும், கிழவர் தம் பட்டறைக்கு எதிரேயிருந்த மூன்றாம் மாடி வீட்டை விட்டு அசைய மறுத்தார். பக்கவாதம் அவருடைய இடப்பாதியைக் கொண்டுபோயிருந்தது. வாயை மட்டும் அதனால் தொட முடியவில்லை.

"என்ர மகன் ரோமில என்ன செய்யிறான் தெரியுமோ, ஞானோ? கதிரையில குந்தியிருந்து அதைச் சூடாக்கிறான்" என்பார். ஞானசேகரம் சிரிக்கலாமோ கூடாதோ என்று அறியாமல் போர்வையைச் சரி செய்வார்.

புதுக்குடியிருப்பில் கூட்டுறவுச் சங்கக் கடையில் எழுதுவினைஞராயிருந்தவர் அவர். போர் முடிந்து, முகாமிலிருந்து வெளிவந்த மறு ஆண்டு, மனைவி சிவபாக்கியத்தின் தமையன் வழியாகப் பலெர்மோ வந்து சேர்ந்தார். மகள் தர்மிளாவுக்கு அப்போது ஒன்பது வயது. கணீரென்ற குரல் அவருக்கு. வெள்ளி தோறும் கோயிலில் பதிகம் பாடுவது அவரே. கோயில் என்றால் கோபுரமும் தேரும் இல்லை. பழைய பட்டறை ஒன்றை வாடகைக்கு எடுத்து, இரும்புத் துகளைக் கழுவி, பிள்ளையாரை இருத்திய கூடம். இறைவன் முன்னிலையிலும் ஞானசேகரம் பெரிதாக ஒன்றும் கேட்டறியார். கடையேன், நாயேன் என்று தம்மைத் தாழ்த்தி நின்று, கேட்க வந்ததைக் கேளாமலே திரும்பும் பக்தி அவருடையது.

கேட்கவேண்டிய பொருள் ஒன்று மகளால் வந்தது. பள்ளியிலிருந்து ஒரு நாள் மாணவரைத் துறைமுகத்துக்குக் கூட்டிப்போனார்கள். கரையோரக் காவற்படகொன்று கடலில் மீட்ட மனிதரை இறக்கிக்கொண்டிருந்தது. குளிர் தாங்கப் பொன்னிறத் தாளால் போர்த்திய குழந்தைகள். அவர்களை ஒவ்வொருவராகக் கையில் வாங்கிக் கரையில் வைத்தாள் சீருடை அணிந்த ஓர் இளம்பெண். போரின் கடைசி நாட்களில் நந்திக்கடலின் கழுத்தளவு நீரைத் தந்தையின் தோளில் அமர்ந்து கடந்த தர்மிளா அந்தப் பெண்ணைப் பார்த்து நின்றாள். அன்றிலிருந்து அவளுக்கு வேறு நினைவில்லை. நீந்தக் கற்றாள், குளிர்காலத்திலும் கடலில் இறங்கினாள். ஆனால் அந்தப் படையில் சேர இத்தாலியக் குடியுரிமை வேண்டும். பிறந்தது முல்லைத்தீவில் ஆகையால், வளர்ந்து, சொந்தமாக உழைத்து, விண்ணப்பித்து, அது கைக்கு வரும் காலத்தில் படையின் வயதெல்லை கடந்துவிடும்.

அவள் போன்ற பிள்ளைகளுக்காகவே ஒரு சட்டம் ரோமில் காத்துக் கிடந்தது. சிறு வயதில் வந்து, ஐந்தாண்டு இந்நாட்டுப் பள்ளியில் படித்தவர்களுக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம். கீழவையில் நிறைவேறி, மேலவையின் வாசலில் இரண்டு ஆண்டாகக் கிடந்தது.

"உங்கட செனத்தோரேயைப் பிடியுங்கோ, ஞானண்ணை" என்றான் சிவபாலன். யாழ்ப்பாணத்தான், கபோச் சந்தையில் மீன்கடையில் நின்றவன், கோயில் நிர்வாகசபைச் செயலாளர். "ஞாயிறு ஞாயிறா அந்தாள் உங்கட கையாலதானே கோப்பி குடிக்குது. எங்களுக்கு உப்பிடி ஒரு மனுசன் வாய்ச்சிருந்தால் இவ்வளவுக்கு ரோமையே வித்திருப்பம்."

"ஓம் ஓம், நீ மீனையே ஒழுங்கா விக்கிறேல்லை எண்டு முதலாளி சொல்லுறான்" என்றார் ஞானசேகரம். ஆயினும் அன்றிரவு அவர் உறங்கவில்லை.

மகள் முன்னரே தன் வேலையைத் தொடங்கியிருந்தாள். மேலவையின் இணையப் பக்கத்தில் ஒவ்வோர் உறுப்பினரும் எதற்கு எப்படி வாக்களித்தார் என்று போட்டிருப்பதைக் கைத்தொலைபேசியில் திறந்து தந்தைக்கு வாசித்தாள்.

"நெடுஞ்சாலைக்கு ஆதரவு. மீன்பிடிப் படகுக்காரருக்கு உதவி, அதுக்கும் ஆதரவு. ஓய்வூதியம் குறைக்கிறதுக்கு ஆதரவு. புறநகர்ப் பள்ளிக்கூடங்களுக்குக் காசு ஒதுக்கிறது, அண்டைக்கு ஆள் இல்லை. வீட்டுத் திட்டம், ஆள் இல்லை. அப்பா, பிரான்காச்சோவைப் பற்றி எது வந்தாலும் இவர் ஆளில்லை."

"ரோமுக்கும் இஞ்சைக்கும் ஓடித் திரியிற மனுசன், பிள்ளை. எதிர்த்தவரோ?"

"எதிர்க்கேல்லை."

"பிறகென்ன?"

"அப்பா, நேர கேளுங்கோ. 'அந்த நாள் வந்திருந்து, ஆதரவா வாக்குப் போடுங்கோ.' இவ்வளவுதான். சுத்தி வளைக்காதேங்கோ. சத்தியமா? ப்ரொமெஸ்ஸோ?"

"ப்ரொமெஸ்ஸோ" என்றார் அவர், அவளுடைய பாஷையிலேயே.

நவம்பர் மாதத்து ஞாயிறு ஒன்றில் செனத்தோரே தந்தையுடன் உண்ண வந்தார். பருத்த, இனிய மனிதர். யாரிடமும் உரத்துப் பேசாதவர். உணவு முடிந்து, கோப்பி வைத்தபின் ஞானசேகரம் கைகட்டி நின்றார். சொல்லவேண்டிய இரண்டு சொற்களையும் பேருந்தில் வரும்போதே பலமுறை சொல்லிப் பார்த்திருந்தார். மகளுடைய கதை முழுவதையும் சொன்னார். கடலைச் சொன்னார். 

"ஆக, நான் என்ன செய்யவேண்டும், ஞானோ?" என்றார் செனத்தோரே. அவருடைய கண் உண்மையாகவே கசிந்திருந்தது.

அந்தக் கணத்தில்தான் நாற்பத்தாறு வயதுப் பழக்கம் ஞானசேகரத்தின் நாவைப் பிடித்தது. பெரியவர் ஒருவர் மனம் இரங்கி நிற்கையில் முழுவதையும் கேட்பது மிகையென்று அவர் உடம்பு அறிந்திருந்தது. பழம்பாட்டுக்களின் பரிசிலன் புரவலனைப் பார்த்து, யானை வேண்டாம், உன் முகம் மலர்ந்தால் போதும் என்பான். புரவலனோ யானையே கொடுப்பான். சிறிதாகக் கேட்பது கொடுப்பவனுக்குச் செய்யும் மரியாதை. பெரிதாகக் கொடுப்பது அவனுடைய பெருமை. இந்த முறைமையை அறியாத நாட்டில் நிற்கிறோம் என்பது அவருக்குத் தோன்றவில்லை. இன்னொன்றும் உண்டு. கோயில் நிர்வாகசபையில் ஒரு தீர்மானம் பிடிக்காதவர்கள் எதிர்த்துக் கை உயர்த்தி முகம் முறிக்கமாட்டார்கள். தேநீர் குடிக்க வெளியே போய்விடுவார்கள். உள்ளே இருப்பவர்கள் நாலு பேரானாலும் தீர்மானம் நிறைவேறும். ஒருவர் எதிர்க்காமல் இருந்தாலே காரியம் கைகூடும் என்பதே அவர் கண்ட சபை வழக்கம்.

"பெரிதாக ஒன்றும் வேண்டாம், செனத்தோரே" என்றார். "நீங்கள் எதிர்த்து வாக்களிக்காமல் இருந்தால் போதும்."

செனத்தோரே சற்று வியந்தாற்போல் அவரைப் பார்த்தார். பின் முகம் மலர்ந்தது; பாரம் இறங்கியவருடைய மலர்ச்சி. எழுந்து, தந்தையின் தலையில் கைவைத்தார்.

"என் தந்தையின் மேல் ஆணை. எதிர்த்து வாக்களிக்கமாட்டேன்."

வீட்டுக்கு வந்து, "வாக்குத் தந்திட்டார்" என்றார் ஞானசேகரம். தர்மிளா கத்திக்கொண்டு ஓடிவந்து அவரைக் கட்டிக்கொண்டாள். என்ன வாக்கு என்று அவள் கேட்கவில்லை. சிவபாக்கியம் பிள்ளையாருக்கு விளக்கேற்றினாள். அடுத்த வெள்ளிக்கிழமை செனத்தோரே கோயிலுக்கு அழைக்கப்பட்டார். சிவபாலன் பொன்னாடை போர்த்தினான். திருநீறு பூசிய நெற்றியோடு செனத்தோரே படங்களுக்குச் சிரித்தார். அன்று ஞானசேகரம் பாடிய பதிகத்தில் கூடத்தின் தகரக் கூரை அதிர்ந்தது.

டிசம்பரில், நத்தார்ப் பண்டிகைக்கு முன்னான கடைசி அமர்வுக்கு அந்தச் சட்டம் எடுக்கப்பட்டது. அன்று காலை ஞானசேகரம் கிழவருக்கு முகம் வழித்து, தொலைக்காட்சியில் மேலவையைப் போட்டுவிட்டு, நின்றபடியே பார்த்திருந்தார். வாசல் மணி அடித்தது. திறந்தார்.

கையில் நத்தார்க் கேக்குப் பெட்டியுடன் செனத்தோரே நின்றார்.

முதலில் ஞானசேகரத்துக்கு மகிழ்ச்சியே உண்டாயிற்று. வேலை அதற்குள் முடிந்துவிட்டதென்று எண்ணினார். "முடிந்ததா, செனத்தோரே?" என்று கேட்டார்.

"ரோமில் குளிர்" என்றார் அவர், மேலங்கியைக் கழற்றி ஞானசேகரத்தின் கையில் தந்தபடி. "எல்லோரும் வீட்டுக்குப் போய்விட்டார்கள்."

கிழவரின் கட்டிலருகே அமர்ந்து, தோடம்பழம் ஒன்றை எடுத்து உரிக்கத் தொடங்கினார். தொலைக்காட்சியில் செந்நிற இருக்கைகள் வரிசை வரிசையாக வெறுமையாயிருந்தன. தலைவர் எண்ணச் சொன்னார், எண்ணினார்கள். போதிய உறுப்பினர் சபையில் இல்லை, ஆகவே அமர்வு முடிகிறது என்றார். ஒருவரும் எதிர்த்துப் பேசவில்லை. ஒரு கைகூட எதிராக உயரவில்லை. இருந்த சிலர் தாள்களை அடுக்கிக்கொண்டு எழுந்தார்கள்.

கோயிலில் நாலு பேர் போதும். இங்கே போதாது. ஞானசேகரம் மேலங்கியைக் கையில் வைத்தபடி, வெறும் இருக்கைகளைக் கண்ணால் வரிசையாகத் தொட்டுப் போனார். அவற்றுள் இவருடையது எது என்று தேடினார்.

"உன்ர கதிரை குளிருது, மகனே" என்றார் கிழவர்.

செனத்தோரே சிரித்து, ஒரு சுளையைத் தந்தையின் வாயில் வைத்தார். பின் திரும்பி, அன்பு குறையாத குரலில் சொன்னார்: "பார்த்தாயா, ஞானோ? நான் சொன்ன சொல்லைக் காத்தேன். கட்சியில் எத்தனை பேர் எதிர்த்து வாக்களிக்கச் சொன்னார்கள் தெரியுமா? மாட்டேன் என்றேன். ஒருவருக்கு நான் வாக்குக் கொடுத்திருக்கிறேன் என்றேன்."

"கிராத்சியே, செனத்தோரே" என்றார் ஞானசேகரம். நன்றி சொன்ன பின்புதான் தாம் சொன்னது இன்னதென்று அவர் காதுக்கு எட்டியது.

வீட்டில் தர்மிளா அடுப்படி மேசையில் இருந்தாள். அழுது முடித்திருந்தாள். கைத்தொலைபேசி முன்னே கிடந்தது.

"ஆளில்லை எண்டு போட்டிருக்கு, அப்பா. உங்களுக்குச் சத்தியம் பண்ணின மனுசன்."

"அவரில பிழையில்லை, பிள்ளை."

"எப்பிடி?"

அவர் சொன்னார். நின்றுகொண்டே சொன்னார். தாம் கேட்டது எதுவோ அதை, கேட்ட அதே சொற்களில். சிவபாக்கியம் அகப்பையைக் கீழே வைத்தாள். நெடுநேரம் தண்டவாளத்தில் ஒரு சரக்குவண்டி போய்க்கொண்டிருந்தது.

"நான் சொல்லித் தந்தது ரெண்டு விசயம்" என்றாள் தர்மிளா கடைசியில். "வாறது. ஆதரிக்கிறது."

"கேட்டாலும் செய்திருக்கமாட்டான், பிள்ளை. உந்த ஆக்கள்..." என்று தாய் தொடங்கினாள்.

"செய்திருக்கமாட்டார்தான், அம்மா. ஆனால் பொய் சொல்லவேண்டி வந்திருக்கும். இப்ப பாருங்கோ, அந்தாள் நல்லவன்." அவள் குரலில் சினமில்லை. அதுதான் ஞானசேகரத்தால் தாங்க முடியாததாயிருந்தது. "சாப்பிடுங்கோ, அப்பா. ஆறுது."

அதன்பின் அவள் கடலுக்குப் போகவில்லை. குளியலறைக் கொக்கியில் தொங்கிய நீச்சலுடை காய்ந்து விறைத்தது. ஒரு நாள் அங்கே இல்லை. எங்கே என்று கேட்க ஒருவருக்கும் துணிவு வரவில்லை. பாராளுமன்றம் கலைக்கப்பட்டது, கலைந்த சபையோடு சட்டமும் செத்தது. ஜனவரியில் தொடர்மாடிகளின் தபாற்பெட்டிகளில் எல்லாம் தேர்தல் துண்டுப்பிரசுரம் விழுந்தது. பொன்னாடையும் திருநீறுமாகச் செனத்தோரே சிரித்தார். புறநகர் மக்கள் எல்லோருக்கும் நண்பர் என்று கீழே அச்சிட்டிருந்தது. படத்தின் ஓரத்தில் பாதி வெட்டுண்டு, கைகூப்பி நின்றவர் ஞானசேகரம்.

"படத்திலயும் அரைவாசிதான் கேட்டு வாங்கினியள் போல" என்றான் சிவபாலன். சொன்ன உடனே நாக்கைக் கடித்துக்கொண்டு, மீன் செதிள் ஒட்டிய கையால் அவர் தோளைப் பிடித்தான். "விடுங்கோ அண்ணை. அறியாமல் சொல்லிப்போட்டன்."

வெள்ளிக்கிழமைகளில் இப்போது வேறொருவர் பாடினார். ஞானசேகரத்துக்குத் தொண்டை சரியில்லை என்று சொல்லிக்கொண்டார்கள்.

மாதக் கடைசி ஞாயிறன்று செனத்தோரே உண்ண வந்தார். உணவு முடிந்தது. கோப்பி வந்தது. தேர்தற் களைப்பில் கண்களின் கீழ் கறுத்திருந்தும், அவர் ஞானசேகரத்தின் கையை மறவாமல் பற்றினார்.

"உன் மகளை நான் மறக்கவில்லை, ஞானோ. மறுபடி தெரிவானால் என்ன செய்யவேண்டும், சொல்லு. வெட்கப்படாதே, கேள்."

கிழவர் படுக்கையிலிருந்து தலையைத் திருப்பிப் பார்த்தார். "கேளடா, ஞானோ" என்றார். அந்த ஒருமுறை அவர் பகடி பண்ணவில்லை.

ஞானசேகரம் வாய் திறந்தார். இரண்டு சொற்களும் நாவின் நுனியில் இருந்தன.  ஆனால் அவற்றைச் சொல்லி என்ன ஆகப்போகிறது? புதிய சபை கூடி, புதிய சட்டம் எழுதி, அது வாசலில் காத்துக் கிடந்து எழுவதற்குள் தர்மிளா எந்த வயதில் நிற்பாள்? கை பற்றியிருந்த மனிதரின் முகம் அன்றுபோலவே கனிந்திருந்தது. அந்தக் கனிவின் முன் அவருடைய தலை தானாகவே தாழ்ந்தது.

"ஒன்றும் வேண்டாம், செனத்தோரே" என்றார்.

செனத்தோரே மனம் நெகிழ்ந்து அவர் தோளில் தட்டினார். ஞானசேகரம் கோப்பிக் கோப்பைகளை எடுத்துக்கொண்டு உள்ளே போய், குழாயைத் திறந்து, அவை கழுவப்பட்ட பின்னும் நெடுநேரம் மூடாமல் நின்றார்.