அம்மாவின் பச்சை

என் அம்மாவுக்குக் கன்னமும் மூக்கும் சிவந்துபோகும் வியாதி இருந்தது. வெயில் பட்டால் சிவக்கும், அடுப்பு அனல் பட்டால் சிவக்கும், மஞ்சள் பூசினால் தீயாய் எரியும். அவளுடைய மாநிறத்தில் அது யாரோ ஓங்கி அறைந்த தடம் மாதிரி கன்றிப்போய்த் தெரியும். சிதம்பரத்துத் தோல் டாக்டர், "இது முழுசா போவாதும்மா, கட்டுல வெச்சிக்கலாம்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

அம்மா கடலூரில் பள்ளிக்கூட டீச்சர். வியாதியைவிட அவளைத் தின்றது ஊர் வாய்தான். ஸ்டாஃப் ரூமில் ஒருத்தி தோளைத் தொட்டு, "வூட்ல சார் கை நீட்டுறாரா டீச்சர்?" என்று ரகசியமாய்க் கேட்டாளாம். என் அப்பா எறும்பை மிதித்துவிட்டாலே வருத்தப்படுகிற ஆள். அன்று சாயங்காலம் அம்மா எனக்கு போன் பண்ணி அழுதாள். "என் மூஞ்சால அவருக்குக் கெட்ட பேருடி" என்றாள். தனக்காக, தன் முகம் இப்படி ஆயிற்றே என்று அவள் அழுது நான் பார்த்ததே இல்லை.

நான் அப்போது அண்ணாமலை நகரில் ஹாஸ்டலில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தேன். என் அறையில் இருந்த ஒருத்தி, பரு சிவந்த இடங்களில் பச்சை நிறத்தில் ஒரு கிரீம் தொட்டு வைப்பாள். கலர் கரெக்டர் என்பார்கள். சிவப்பைப் பச்சை அடக்கிவிடும், அதன்மேல் நம் தோல் நிறத்தில் ஃபவுண்டேஷன் போட்டால் ஒன்றும் தெரியாது என்றாள். ஒன்று வாங்கிக்கொண்டு ஊருக்குப் போனேன். அம்மா மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, "என்னாடி இது, நான் என்னா தெருக்கூத்துக்கா கெளம்புறேன்?" என்றாள்.

மறுநாள் நான் எழுந்திருப்பதற்குள், ஃபேர்னஸ் கிரீம் பூசுகிற பழக்கத்தில் முகம் முழுக்க அப்பிக்கொண்டு பள்ளிக்குப் போய்விட்டாள். "டீச்சர், காய்ச்சலா?" என்று பிள்ளைகள் கேட்டிருக்கிறார்கள். சாம்பல் பூத்த முகத்தோடு திரும்பி வந்தவள் என்னைத் திட்டித் தீர்த்தாள். அப்புறம்தான் உட்கார்ந்து கற்றுக்கொண்டாள். மோதிர விரலில் துளி எடுத்து, சிவந்த இடத்தில் மட்டும் ஒற்ற வேண்டும், தேய்க்கவே கூடாது.

அதற்குப் பிறகு பச்சை இல்லாமல் அம்மா வாசல் தாண்டியதில்லை. காலையில் பால்காரர் மணியடித்தால்கூட அப்பாதான் போக வேண்டும். வெள்ளிக்கிழமையிலும் மஞ்சள் பூசுவதில்லை என்று என் அத்தை, அதாவது அப்பாவின் அக்கா, வரும்போதெல்லாம் பேசுவாள். "சுமங்கலிக்கு மஞ்ச இல்லாம என்னா மூஞ்சி அது?" என்பாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அம்மா சிரித்துவிட்டு உள்ளே போய்விடுவாள்.

ஒருநாள் கண்ணாடி முன் நின்றபடியே என்னிடம் சொன்னாள்: "நான் செத்தா நாலு பேரு பாக்க வருவாங்க. அதுக்கு முன்னாடி பச்சையப் போட்டு வுட்டுடு. அன்னிக்கும் அவர யாரும் ஒரு மாதிரி பாக்கக் கூடாது." வாயைக் கழுவு என்று அதட்டினேன். அவள் விடவில்லை. சரி என்று தலையாட்டி வைத்தேன்.

போன ஆடியில் நெஞ்சுவலியில் போய்விட்டாள். நான் சிதம்பரத்திலிருந்து வந்து சேர்ந்தபோது உள்ளறையில் கிடத்தியிருந்தார்கள். முகத்தின் மேல் முந்தானை. அப்பா பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். "நீ வந்து அவள ரெடி பண்ணுவன்னுதான் யாருக்கும் காட்டல" என்றார். அவருக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. வெளியே பந்தலில் அம்மாவிடம் படித்த தேவனாம்பட்டினத்துப் பழைய மாணவிகள் மாலையோடு காத்திருந்தார்கள்.

அலமாரியிலிருந்து டப்பாவை எடுத்தேன். மோதிர விரலில் துளி எடுத்துக்கொண்டு முந்தானையை விலக்கினேன்.

சிவப்பு இல்லை. கன்னம், மூக்கு, நெற்றி எல்லாம் ஒரே நிறம். ரத்தம் ஓடினால்தானே சிவக்கும்? வழி நெடுக அழுதுகொண்டு வந்தவளுக்கு இது தோன்றவே இல்லை. கொடுத்த வாக்காயிற்றே என்று கன்னத்தில் ஒற்றினேன். அடக்க ஒன்றும் இல்லாமல் பச்சை பச்சையாகவே நின்றது. ஈரத்துணியால் துடைத்தேன். இத்தனை வருஷமாக இந்த முகத்துக்காகத்தானே அவள் பாடுபட்டாள் என்று நினைத்ததும் என்னால் தாங்க முடியவில்லை.

அத்தை மஞ்சள் கிண்ணத்தோடு கதவருகே வந்து நின்றாள். "பூசட்டுமா பாப்பா? நீ வேணாம்னா வேணாம்" என்றாள். அவள் குரல் அவ்வளவு தணிந்து நான் கேட்டதில்லை.

"எரியும் அத்த" என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது. அத்தை கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு அழுதாள்.

நான் நகர்ந்து இடம் விட்டேன். அத்தை மஞ்சளைக் குழைத்து இரண்டு கன்னத்திலும் மெதுவாகப் பூசினாள். நான் அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் முகம் சுளிக்கவில்லை.